சுடுதண்ணிக் கிணற்றுக்கு ஒரு நாள் பயணம்



நாலு குடும்பம் சேர்ந்து வேன் பிடித்து ஊர் சுற்றப் போவோம் என்று பேச்சு எழுந்தால், "அப்படியே சுடுதண்ணிக் கிணத்தையும் பார்த்துட்டு வருவோமே" என்று லயத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். நல்ல யோசனைதான். ஆனால் வேனுக்குக் காசு சேர்ப்பதில் காட்டுகிற அக்கறையை மற்ற விஷயங்களில் நாம் காட்டுவதில்லை. யார் குளிக்கலாம், யார் குளிக்கக்கூடாது, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதெல்லாம் அங்கே போய்த்தான் யோசனைக்கு வருகிறது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில், தண்ணீர் ஏன் சுடுகிறது? நம் நாட்டில் எரிமலை கிடையாது. பெய்கிற மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாகப் பூமிக்குள் மிக ஆழத்துக்கு இறங்குகிறது. உள்ளே போகப்போகச் சூடு கூடும். ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்குச் சுமார் 25 முதல் 30 பாகை என்று கணக்கு. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. மலைநாட்டுப் பாறையும் கிழக்குத் தாழ்நிலப் பாறையும் சந்திக்கிற பகுதியை ஒட்டித்தான் இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளில் அநேகமானவை இருக்கின்றன. திருகோணமலையில் கன்னியா, அம்பாறை மாவட்டத்தில் மகாஓயா, தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் மதுநாகல ஆகியவை பலருக்கும் தெரிந்த இடங்கள்.

இதில் எதற்குப் போவது? நம்மவர்கள் பெரும்பாலும் கன்னியா என்றுதான் சொல்வார்கள். இராவணன் தன் தாயின் கிரியைக்காக வாளால் ஏழு இடத்தில் குத்தினான், ஏழு கிணறு உண்டாயிற்று என்பது தலைமுறை தலைமுறையாக வருகிற கதை. இறந்தவர்களுக்குக் கிரியை செய்யவும் அங்கே போகிறார்கள். மாத்தளை, கண்டிப் பக்கம் இருப்பவர்கள் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக விடியற்காலையில் புறப்பட்டால் ஒரே நாளில் போய் வரலாம். ஆனாலும் கஷ்டமான பயணம்தான். அட்டன், பொகவந்தலாவைப் பக்கத்து ஆட்கள் அதையே ஒரு நாளில் முடிக்க நினைப்பது வேன் சாரதியின் உயிரோடும் நம் உயிரோடும் விளையாடுவது. அவர்கள் திருகோணமலையில் ஓர் இரவு தங்கி, கோணேசர் கோயிலையும் கும்பிட்டுவிட்டு வருவதுதான் முறை. அதற்கு வசதியில்லையா, இன்னும் கொஞ்சம் சீட்டுக்காசு சேரட்டும் என்று பொறுத்திருங்கள்.

பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு மகாஓயாதான் பொருத்தம். உங்கள் தோட்டத்து வழியே ஓடுகிற செங்கலடி வீதிதான் பிபிலையைத் தாண்டி மகாஓயாவுக்கும் போகிறது. காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே குளித்து முடித்துவிடலாம். கண்டியிலிருந்து மகியங்கனை வழியாகவும் பாதை இருக்கிறது. பதினெட்டு வளைவில் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், பை கொண்டுபோங்கள்.

நாள் பார்ப்பது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு நடுச்சாமத்தில் லயத்துக்கு வந்து இறங்கினால், திங்கட்கிழமை காலைப் பெரட்டுக்கு யார் எழும்புவது? ஊர் பார்க்கப் போன செலவோடு ஒரு நாள் பேரும் போய்விடும். மறுநாள் வேலையில்லாத நாளாகப் பாருங்கள். ஞாயிறுதான் தோது என்றால் இரவு எட்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருக்கிற மாதிரி நேரத்தைப் போடுங்கள். போயா நாட்களில் கூட்டம் நெருக்கும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கில் மழை கொட்டும். அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. கன்னியாவில் கிரியை செய்யப் போகிறவர்கள், அங்குள்ள ஒழுங்கை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அந்த இடம் 2011 இல் தொல்லியல் இடமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எல்லாக் கிணற்றிலும் ஒரே சூடு இல்லை. கன்னியாவில் தண்ணீர் நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றுத்தான் கூட. 40 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். மகாஓயாவில் மிகச் சூடான கிணற்றில் அது ஏறக்குறைய 55 பாகை. அந்தச் சூட்டுத் தண்ணீர் அரை நிமிடம் தோலில் நின்றால் பெரியவர்களுக்கே வெந்துவிடும். பிள்ளைகளின் தோல் மெல்லியது, அவர்களுக்கு அவ்வளவு நேரம்கூட ஆகாது. ஆகவே அங்கே போனதும் அள்ளித் தலையில் ஊற்றிவிடாதீர்கள். வாளியில் எடுத்து ஆறவைத்து, அல்லது சூடு குறைந்த கிணற்றுத் தண்ணீரோடு கலந்து, முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றவேண்டும். பிள்ளைகளைக் கிணற்றுக் கட்டில் ஏறவிடக்கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள் என்று வேனிலேயே பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்துவிடுங்கள். "எல்லாரும் பார்த்துக்குவாங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். பல வருஷமாகச் சீனி இருந்தால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். சுடுவதே தெரியாது. "எனக்கு ஒண்ணும் சுடலையே" என்று நிற்பவருக்குத்தான் மறுநாள் பாதத்தில் கொப்புளம் வரும். அது புண்ணாகி ஆறாமல் போனால் காலுக்கே ஆபத்து. இவர்களுக்கான தண்ணீரை வேறொருவர் தொட்டுப் பார்க்கவேண்டும். வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம், கல்லும் சுடும். பயண நாள்தானே என்று குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் மயக்கம் வரும். டொபியோ, சீனி கலந்த தண்ணீரோ கையில் இருக்கட்டும்.

பிரசர் உள்ளவர்களுக்கு வேறு பிரச்சினை. சூடு பட்டதும் இரத்தக்குழாய்கள் விரிந்து பிரசர் இறங்கும். குளிசையும் அதே வேலையைத்தான் செய்கிறது. குந்தியிருந்து குளித்தவர் சட்டென்று எழும்பினால் தலை சுற்றி விழக்கூடும். குளிரான மலையிலிருந்து வருகிற நமக்கு அங்கத்திய வெயிலே பாதி உயிரை எடுத்துவிடும், அதற்கு மேல்தான் இந்தச் சுடுதண்ணி! பத்து நிமிடம் போதும். பிறகு நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். இருதய வருத்தக்காரரும், வயிற்றில் பிள்ளை உள்ளவர்களும் தோட்ட டிஸ்பென்சரியில் கேட்காமல் குளிக்கவேண்டாம். கவ்வாத்துக் கத்தி வெட்டோ அட்டைக்கடிப் புண்ணோ ஆறாமல் இருந்தால் அதில் தண்ணீர் படவிடாதீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கவோ மூக்கில் ஏற்றவோ கூடாது. சாராயம் போட்டுவிட்டு வருகிறவரை, அவர் வேனுக்குக் காசு கொடுத்தவராக இருந்தாலும், கிணற்றுக்குக் கிட்டே விடவேண்டாம்.

"இந்தத் தண்ணியில குளிச்சா முழங்கால் வலி போயிடுமாமே?" என்று கொழுந்தெடுக்கும் தாய்மார் கேட்பதுண்டு. சூட்டுக்கு வலி குறையும், உண்மைதான். சில மணி நேரம் சுகமாக இருக்கும், பிறகு வலி திரும்பும். வீட்டில் துவாயைச் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்து போட்டாலும் அதே சுகம் கிடைக்கும். வலியை மாற்றுவதற்காகக் கடன் வாங்கிப் போகாதீர்கள். நேர்த்திக்காகவும் சந்தோஷத்துக்காகவும் போவது வேறு விஷயம். அதேபோல, ஏழு கிணற்றிலும் குளிக்க வேண்டுமென்று நேர்ந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு போதும். ஏழு வாளி தேவையில்லை.

பெண்கள் திறந்த வெளியில் குளிக்கவேண்டி வரும். குறுக்குக்கட்டுக்கு இருட்டு நிறத் துணியும், உடுப்பு மாற்ற மறைப்புக்கு ஒரு பெட்சீட்டும் கொண்டுபோங்கள். சவர்க்காரத்தை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அதன் அழுக்கு கிணற்றுக்குள்தான் போய்ச் சேரும். குடிதண்ணீர் கேன் இரண்டு தேவை. ஒன்று குடிக்க, மற்றது யாருக்காவது சுட்டுவிட்டால் ஊற்ற. சுட்ட இடத்தில் உடனே பச்சைத்தண்ணீரை இருபது நிமிடம் ஊற்றவேண்டும். பற்பசை, முட்டை, எண்ணெய் எதுவும் பூசக்கூடாது. காயம் பெரிதென்றாலோ ஆள் மயங்கினாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். நோயாளரின் கிளினிக் கொப்பியும் கூடவே இருக்கட்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கிணற்றடியில் நிற்கவேண்டாம். ஹபரணை, கந்தளாய்ப் பாதையிலும் மகாஓயாப் பக்கத்துக் காட்டுப் பாதையிலும் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். சாரதி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கண்ணை மூடட்டும், அதற்காக யாரும் அவசரப்படுத்தாதீர்கள். திரும்பும்போது முன் சீட்டில் நித்திரை கொள்ளாத ஆள் ஒருவர் அவரோடு பேசிக்கொண்டு வரவேண்டும். பிள்ளைகளின் சுவெட்டர்களை மூட்டைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். வெக்கையில் கிளம்புகிற வேன் மலையேறும்போது குளிர் ஜன்னல் வழியே வந்து பிடிக்கும், அப்போது இருட்டில் மூட்டையைக் கிளற முடியாது.