பெங்களூரில் ஒரு சர்வர் இடம்

ஓர் இணையதளத்தின் கோப்புகளை ஒரே கணினியில் வைத்துக் காக்கும் பழைய முறைக்கு மாறாக, தரவு மையத்திலுள்ள பல சர்வர்களின் ஆற்றலை மென்பொருளால் பங்கிட்டு, வேண்டிய அளவுக்கு மட்டும் வாடகைக்குத் தருவதே கிளவுட் ஹோஸ்டிங் எனப்படுகிறது. இத்தகைய சேவையை வழங்கும் டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் 2016இல் பெங்களூரில் தன் தரவு மையத்தைத் திறந்தபோது, அதன் இந்திய வாடிக்கையாளர்கள் சிங்கப்பூர் சர்வர்களை நம்பியிருக்க வேண்டிய நிலை தளர்ந்தது. கோரிக்கை சர்வரை அடைந்து விடை திரும்புவதற்கு ஆகும் நேரமாகிய தாமதம் தூரத்தோடு சேர்ந்தே குறைவதால், வாசகர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவில் இருக்கும் தளத்துக்கு இந்த அண்மை உண்மையான ஆதாயம். இதே வகையில் மைக்ரோசாப்ட்டும் 2015இலேயே சென்னையில் தரவு மையத்துடன் கால்பதித்திருந்தது.

ஆயினும் அண்மை ஒன்றே போதாது. வெளியேறும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டா, விலை டாலரிலா ரூபாயிலா, காப்புநகல் அதே கட்டடத்திலேயே கிடக்கிறதா என்பவற்றை, விளம்பரங்கள் பெரிய எழுத்தில் அச்சிடாத காரணத்தாலேயே, கேட்டறிய வேண்டியிருக்கிறது. 99.9 விழுக்காடு இயங்குநேர உறுதிகூட ஆண்டுக்கு ஏறத்தாழ 9 மணி நேர முடக்கத்துக்கு இடமளிப்பதே. அது மீறப்பட்டாலும் கிடைப்பது பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு பகுதிக் கழிவேயன்றி, வணிக இழப்புக்கான ஈடு அன்று.