தொகுதி மறுவரையறை: இடப்பங்கீடும் எல்லை வரைவும்

ஆய்வுச்சுருக்கம்

தொகுதி மறுவரையறை என்னும் ஒரே சொல் இருவேறு பணிகளைக் குறிக்கிறது. மக்களவை இடங்களை மாநிலங்களுக்கிடையே பங்கிடுதல் ஒன்று; ஒரு மாநிலத்துக்குள் தொகுதி எல்லைகளை வரைதல் மற்றொன்று. இவ்விரண்டும் வெவ்வேறு கணக்கெடுப்புகளைச் சார்ந்து இயங்கி வந்தமையையும் அதன் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொகுதி மறுவரையறை, இடப்பங்கீடு, மக்களவை, கூட்டாட்சி, புதுக்கோட்டை

முன்னுரை

இந்திய அரசமைப்பின் 81ஆவது உறுப்பு சமத்துவத்தை இரு நிலைகளில் வேண்டுகிறது. மக்கள்தொகைக்கும் இடங்களுக்கும் உள்ள விகிதம் இயன்றவரை எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். மாநிலத்துக்குள் அது எல்லாத் தொகுதிகளுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னரும் இவற்றைச் சரிசெய்ய 82ஆவது உறுப்பு வகைசெய்கிறது. இதற்கென 1952, 1963, 1973, 2002 ஆகிய ஆண்டுகளில் ஆணையங்கள் அமைக்கப்பட்டன.

இடப்பங்கீடும் அதன் நிறுத்தமும்

1961 கணக்கெடுப்பை அடுத்த பங்கீட்டில் அன்றைய சென்னை மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41இலிருந்து 39ஆகக் குறைந்தன. மாநிலத்தின் மக்கள்தொகை குறையவில்லை. பிற மாநிலங்களின் வளர்ச்சி அதனை விஞ்சியதே காரணம். குடும்பக் கட்டுப்பாட்டை முனைந்து செயற்படுத்தும் மாநிலம் பிரதிநிதித்துவத்தை இழக்கும் என்னும் இச்சிக்கலைக் கருதியே, 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி அமைந்த பங்கீட்டை 2000க்குப் பிந்தைய முதற் கணக்கெடுப்பு வரை நிலைநிறுத்தியது. 84ஆவது திருத்தம் அவ்வரம்பை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

இதன் விளைவை இரு மாநிலங்களின் ஒப்பீடு புலப்படுத்தும். 1971இல் தமிழ்நாட்டில் ஒரு மக்களவை இடத்துக்குச் சராசரியாக 10.6 இலட்சம் மக்களும், 25 இடங்கள் கொண்ட இராசத்தானில் 10.3 இலட்சம் மக்களும் இருந்தனர். 2011இல் இவை முறையே 18.5 இலட்சம், 27.4 இலட்சம் என விலகின.

எல்லை வரைவு

நிறுத்தப்பட்டது பங்கீடு மட்டுமே. 2003ஆம் ஆண்டின் 87ஆவது திருத்தம், மாநிலங்களின் இட எண்ணிக்கையை மாற்றாமல், 2001 கணக்கெடுப்பைக் கொண்டு உள் எல்லைகளைத் திருத்த வழிசெய்தது. உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர் அல்லது இருந்தவர் தலைவராகவும், தலைமைத் தேர்தல் ஆணையர் அல்லது அவரால் நியமிக்கப்பெறும் தேர்தல் ஆணையர், மாநிலத் தேர்தல் ஆணையர் ஆகியோர் உறுப்பினர்களாகவும் ஆணையத்தில் இடம்பெறுவர். மாநிலத்துக்குப் பதின்மராக அமையும் இணை உறுப்பினர்களான நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வாக்குரிமை இல்லை. நிலப்பரப்பின் ஒருங்கமைவு, இயற்கை அமைப்பு, நிருவாக எல்லை, போக்குவரத்து வசதி, மக்களின் வசதி ஆகியன கருதப்படுதல் வேண்டும். வரைவு வெளியிடப்பட்டு, ஆட்சேபங்கள் பொது அமர்வுகளில் கேட்கப்பட்ட பின்னர் இறுதி ஆணை பிறப்பிக்கப்படும். அவ்வாணை சட்டத்தின் வலிமை உடையது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ அதனைத் திருத்த இயலாது.

புதுக்கோட்டை

இந்நெறிகள் எப்போதும் ஒன்றோடொன்று இசைவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதி ஆறு சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. 2008 மறுவரையறைக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்திலும் சட்டமன்றத் தொகுதிகள் ஆறே. ஆயினும் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதி நீங்கியது. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளியிலும், திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கையிலும், அறந்தாங்கி இராமநாதபுரத்திலும், விராலிமலை கரூரிலும் இணைந்தன. இதனால் மாவட்டத்தின் குரல் நான்கு உறுப்பினர்களிடையே பகிரப்பட்டது. வாக்காளர் சமத்துவம் பேணப்படும்போதும் ஒரு வட்டாரம் தன் பொது அடையாளத்தை இழக்கக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

மாநிலங்களுக்கிடையேயான ஏற்றத்தாழ்வை எல்லை வரைவால் தீர்க்க இயலாது; உள்ளூர்ச் சமூகத்தின் சிதைவை இடப்பங்கீட்டால் தடுக்க இயலாது. எனவே இவ்விரு பணிகளையும் பிரித்தே ஆராய்தல் வேண்டும். பங்கீட்டை ஆராயும்போது எண்ணிக்கையைவிட விகிதமே அளவுகோலாதல் வேண்டும். 543இல் 39 என்பது ஏறத்தாழ 7.2 விழுக்காடு. அவையின் மொத்த இடங்கள் பெருகி, 39 என்னும் எண் குறையாது நின்றாலும் இவ்விழுக்காடு குறையும். ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு என்னும் மக்களாட்சி நெறிக்கும், மாநிலங்களின் நிலைபேறு என்னும் கூட்டாட்சி நெறிக்கும் இடையிலான முரண் இவ்விழுக்காட்டிலேயே மையங்கொண்டுள்ளது.