வீதியே அரங்காக: ஜன நாட்டிய மஞ்சின் இந்தி நாடகப் பணி

சமூக மாற்றத்தை நோக்கமாகக் கொண்ட நாடகங்களை அவற்றின் கருத்தைக் கொண்டே மதிப்பிடுவது நம்மிடையே பெருவழக்காக உள்ளது. அவற்றின் வடிவம் எவ்வாறு உருவாயிற்று என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தில்லியில் இயங்கிவரும் ஜன நாட்டிய மஞ்ச் என்னும் இந்தி நாடகக் குழுவை முன்வைத்து இவ்வினாவிற்கு விடை காண முற்படுவோம்.

1943இல் தோன்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்தின் மரபில் வந்த இளைஞர்கள் 1973இல் இக்குழுவை அமைத்தனர். இதனைச் சுருக்கமாக ‘ஜனம்’ என்பர். தமிழில் மக்களைச் சுட்டும் இச்சொல் இந்தியில் பிறப்பைக் குறிக்கும். தொடக்கத்தில் இக்குழுவினர் முழுநீள மேடை நாடகங்களையே மக்களிடம் எடுத்துச் சென்றனர். 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடிநிலைக்குப் பின்னர், இவர்களை ஆதரித்துவந்த தொழிற்சங்கங்களால் அத்தகைய நாடகங்களின் செலவை ஏற்க இயலவில்லை. எனவே, குறைந்த செலவில் எவ்விடத்திற்கும் கொண்டு செல்லத்தக்க குறுநாடகம் தேவைப்பட்டது. வீதி நாடகம் இக்குழுவிற்கு இத்தேவையினாலேயே வாய்த்தது எனலாம்.

இவ்வகையில் முதலாவதாக அமைந்தது 1978இல் நிகழ்த்தப்பெற்ற ‘மெஷீன்’ ஆகும். தில்லியை அடுத்த தொழிற்சாலை ஒன்றில், மிதிவண்டி நிறுத்துமிடமும் சிற்றுண்டிச்சாலையும் கோரிய தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வே இதன் கரு. ஏறத்தாழ 13 நிமிடங்களில் முடியும் இந்நாடகத்தில், நடிகர்கள் தம் உடல்களை இணைத்து, ஒலியெழுப்பி இயங்கும் பொறியாகக் காட்சி தருவர். பொறி திடீரென நின்றுவிடும். அதன் காரணம் ஆராயப்படுகையில் தொழிலாளியும் முதலாளியும் காவலாளியும் வெளிப்படுவர். உற்பத்தி என்பது மனிதர்களுக்கிடையிலான உறவு என்னும் அருவக் கருத்து இங்குக் கண்முன் உருப்பெறுகிறது. 1979இல் வெளிவந்த ‘ஒளரத்’ நாடகத்திலும் இச்சிக்கனத்தைக் காணலாம். பெண் என்று பொருள்படும் இந்நாடகத்தில், ஒரே நடிகை மகளாகவும் மனைவியாகவும் மாணவியாகவும் தொழிலாளியாகவும் மாறி மாறித் தோன்றுகிறார்.

மேடையின்மை பார்வையாளரை நெருங்கச் செய்தது; ஆயின், அதுவே நடிகர்களைப் பாதுகாப்பற்றவர்களாகவும் ஆக்கியது. 1989 சனவரி 1ஆம் நாள், சாகிபாபாத்தை ஒட்டிய ஜண்டாப்பூரில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடைபெற்றுக்கொண்டிருந்தபோது குழுவினர் தாக்கப்பட்டனர். ராம் பகதூர் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். குழுவின் நிறுவனர்களுள் ஒருவரும் நாடகாசிரியருமான சப்தர் ஹாஷ்மி மறுநாள் காலமானார். அப்போது அவருக்கு அகவை 34. சனவரி 4ஆம் நாள் அவருடைய துணைவியார் மொலோயஸ்ரீ ஹாஷ்மியும் குழுவினரும் அதே இடத்திற்குத் திரும்பி, தடைபட்ட நாடகத்தை நிகழ்த்தி முடித்தனர்.

நாடகம் சமூகத்தை மாற்றுமா என்னும் வினாவை இந்நிகழ்வின் ஒளியில் நோக்குதல் தகும். ஒரு நாடகத்தினால் கூலி உயர்ந்ததா, சட்டம் திருந்தியதா என அளந்தறிவது கடினம். எனினும், ஒரு வீதி நாடகத்தை வன்முறையால் நிறுத்த முற்பட்டனர் என்பதும், அதனை முடித்தே தீரவேண்டும் எனக் கலைஞர்கள் கருதினர் என்பதும் அதன் ஆற்றலுக்குச் சான்றாகும்.

வீதி நாடகத்தை வகுப்பறையில் பயிற்றுவிக்கும்போது அச்சிட்ட பனுவலோடு நின்றுவிடுதல் போதாது. அது யார்முன், எவ்விடத்தில், எத்தகைய நெருக்கடியில் நிகழ்த்தப்பெற்றது என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அவற்றை நீக்கிவிட்டால் நம் கையில் எஞ்சுவது உரையாடல் மட்டுமே.