அன்றாட வாழ்வில் இணங்கவைக்கும் செய்திகள்

ஒருவரை ஒரு பொருளை வாங்கவோ, ஒன்றை நம்பவோ, ஒரு செயலைச் செய்யவோ தூண்டும் சொல், படம், எழுத்து, செய்கை ஆகியவை இணங்கவைக்கும் செய்திகள் எனப்படும். தொலைக்காட்சி விளம்பரம் மட்டுமன்றி, சந்தையில் வியாபாரி கூவி விற்பதும் இவ்வகையே. இவை யாவும் ஏமாற்று அல்ல. ஆனால் எது தகவல், எது தூண்டுதல் என்று பிரித்தறியாதவர் பணத்தையும் சில வேளைகளில் உடல்நலத்தையும் இழக்கிறார்.

பேளுக்குறிச்சிச் சந்தை

நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சி, மளிகைப் பொருள்களுக்கான சந்தைக்குப் பெயர்பெற்றது. மிளகு, சீரகம், சோம்பு, கடுகு, வெந்தயம், மல்லி போன்றவற்றை ஓராண்டுத் தேவைக்கும் சேர்த்து வாங்குவோர் இங்கு வருகின்றனர். எனவே ஒரு நாள் செய்யும் தவறான தேர்வு, ஆண்டு முழுவதும் சமையலறையில் இருக்கும்.

தூண்டும் முறைகள்

எந்தச் சந்தையிலும் கடைவீதியிலும் கீழ்க்காணும் முறைகளைக் காணலாம். இவற்றுட் பலவற்றை அமெரிக்க உளவியலாளர் இராபர்ட்டு சியால்டினி 1984-இல் வெளியிட்ட நூலில் வகைப்படுத்தினார்.

* ஊர்ப்பெயர்: 'கொல்லிமலை மிளகு' என்றதும் தரம் மனத்தில் தோன்றிவிடுகிறது. மலையில் மிளகு விளைவது உண்மை. அந்த மூட்டை மலையிலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி.
* பற்றாக்குறை: 'இதுதான் கடைசி மூட்டை', 'அடுத்த வாரம் விலை ஏறும்' என்பவை யோசிக்கும் நேரத்தைக் குறைக்கின்றன.
* கூட்டம்: பலர் மொய்க்கும் கடையே நல்ல கடை என்று தோன்றுகிறது.
* கைம்மாறு: மென்று பார்க்க நாலு மிளகு கொடுத்ததும், வாங்காமல் நகரக் கூச்சம் ஏற்படுகிறது.
* நோய்தீர்க்கும் வாக்கு: கொல்லிமலையில் விற்கப்படும் முடவாட்டுக்கால் கிழங்குச் சாறு மூட்டுவலிக்கு நல்லது எனப்படுகிறது. அதை உணவாகக் குடிப்பது வேறு. அதை நம்பி மருத்துவரின் சிகிச்சையை நிறுத்துவது வேறு.

சோதித்து அறிதல்

வியாபாரியின் சொல்லைவிடப் பொருளே நல்ல சாட்சி. மிளகைத் தண்ணீரில் இட்டால் முற்றிய மணிகள் அடியில் தங்கும்; கலப்படமாகச் சேர்க்கப்படும் பப்பாளி விதைகள் மிதக்கும். முற்றாத மிளகும் மிதக்கலாம் என்பதால், மிதந்தவற்றை நசுக்கி முகர்ந்து பார்க்க வேண்டும். சீரகத்தை உள்ளங்கையில் தேய்க்கும்போது கரி ஒட்டினால், நிறமேற்றிய புல்விதை கலந்திருக்கலாம். சோதிக்க இடம் கொடுக்கும் வியாபாரியின் பேச்சும் தூண்டுதலே. ஆயினும் அது நேர்மையான தூண்டுதல்.

சட்டப் பாதுகாப்பு

சில நோய்களைக் குணமாக்கும் என மருந்துகளை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. நீரிழிவும் புற்றுநோயும் அப்பட்டியலில் உள்ளன. 'புதியது', 'இயற்கையானது', 'தூய்மையானது', 'பாரம்பரியமானது' போன்ற சொற்களை உணவு விளம்பரங்களில் பயன்படுத்த 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் நிபந்தனை விதிக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம். இணைய விற்பனையில் காட்டப்படும் பொய்யான அவசரம் உள்ளிட்ட 13 உத்திகளை 2023-இல் வெளியான வழிகாட்டு நெறிகள் தடை செய்துள்ளன. புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேட்க வேண்டிய கேள்விகள்

சட்டம் பெரும்பாலும் இழப்புக்குப் பின்னரே வருகிறது. சந்தையில் வாய்மொழியாகச் சொன்னதற்குச் சான்றும் இருக்காது. ஆகவே பணம் கொடுக்கும் முன் நான்கு கேள்விகள் போதும்: இதைச் சொல்பவருக்கு என்ன ஆதாயம்? சொன்னதை இங்கேயே சோதிக்க முடியுமா? ஏன் இப்போதே முடிவு செய்ய வேண்டும்? சொல்லாமல் விட்டது எது? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னும் வாங்கத் தோன்றினால், அம்முடிவு வாங்குபவருடையது.