பக்கத்தில் வரும் படகு

1954ஆம் ஆண்டு தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி பாக் நீரிணையை நீந்திக் கடந்து கோடியக்கரையில் கால் வைத்தார். அந்த நீரிணையை நீந்திக் கடந்த முதல் மனிதர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறோம். ஈழத்து வடகரையில் அவர் பெயருக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் அவ்வளவு நேரமும் அவருக்குப் பக்கத்தில் படகோட்டி வந்தவர்களின் பெயரை யாரும் எடுப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களுக்குப் பின் அதே வேலையைச் செய்தவர்களையும், இப்போது செய்கிறவர்களையும் பற்றியது.

கடலில் நீந்துகிறவருக்கு வழி தெரியாது. கரையில் நின்று பார்ப்பவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதேயில்லை. நீரில் கிடக்கும் ஆளின் கண் கடல்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில்கூட இல்லை. ஒரு சின்ன அலை எழுந்தாலே எதிர்க்கரை மறைந்துபோகும். இரவில் எல்லாத் திசையும் ஒன்றுதான். கையைச் சுழற்றி, மூச்செடுக்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்பும் அந்த ஒரு கணத்தில் கண்ணில் படுவது படகு மட்டுமே. படகு போகும் பக்கம்தான் அவருக்குத் திசை. அது திசை தவறிப் போனால் அவரும் தவறுவார். அந்தத் தவறைத் திருத்த ஒரு மணி நேரம் கூடுதலாகக் கை போட வேண்டியிருக்கும். ஆகவே நீரிணையைக் கடப்பது ஒருவர் செய்கிற காரியம் இல்லை.

அன்றைய வழிகாட்டிகளுக்கு அந்தக் கடல் பழகிய முற்றம். வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் செலுத்தியவர்களைத் தண்டையல் என்பார்கள். அந்த ஊரில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைப் போய்ச் சேர்ந்தது என்றால், முன்னால் கிடக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கும் கூடுதலான நீரிணை அவர்களுக்கு எவ்வளவு தெரிந்ததாக இருந்திருக்கும்! வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்து, எது எப்போது கிளம்பும், எது நீரோட்டத்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்று சிறு வயதிலேயே கற்றவர்கள். வாடை அடங்கி, தென்மேற்குக் காற்று கிளம்புவதற்கு முன் பங்குனி, சித்திரையில் கொஞ்ச நாள் கடல் மெத்தென்று கிடக்கும். நீந்துவதற்கு அதுதான் தோது. பங்குனி முன்னிரவில் ஆறாமீன் மேற்கே சாய்ந்திருக்கும். அது இறங்கிய பிறகு வடக்கே அசையாமல் நிற்கும் துருவ நட்சத்திரம் உண்டு. சில ஆண்டுகளில் விடியும் பக்கத்தில் விடிவெள்ளியும் தெரியும். கோடியக்கரைக் கலங்கரை விளக்கின் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அந்த அறிவின் உச்சம் என்று 1971ஐச் சொல்வேன். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அங்கிருந்து கோடியக்கரைக்கு நீந்தி, திரும்பவும் நீந்தி ஊர் வந்து சேர்ந்தார். மொத்தம் 51 மணி நேரம். ஆனந்தன் விழித்திருந்த இரண்டு இரவும் படகில் இருந்தவர்களும் விழித்திருந்தார்கள். அவருக்காவது கைகால் அசைத்துக்கொண்டிருக்கும் வேலை இருந்தது. இவர்களுக்கோ கருப்புத் தண்ணீரில் ஒரு தலையை மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை. கண் அசந்தால் அந்தத் தலை அலைக்குள் காணாமல் போகும். உடம்பை வருத்தும் உழைப்பைவிட இந்தப் பார்த்துக்கொண்டிருக்கும் உழைப்பு கடினமானது என்று இரவுத் தொழிலுக்குப் போன எவரும் சொல்வார்கள்.

ஆனந்தன் நீந்தியபோது அந்தக் கடலில் எல்லைக்கோடு போடப்பட்டிருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1974இல்தான் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில் கடல் எல்லையை வகுத்தன. அன்று படகோட்டிக்குத் தெரிய வேண்டியவை காற்று, நீரோட்டம், மணல் திட்டு, மனிதன். இப்போது அவற்றோடு ஒரு கோடும் சேர்ந்திருக்கிறது. ஜிபிஎஸ் கருவிகளையும் ஃபைபர் படகுகளையும்விடப் பெரிய மாற்றம் இந்தக் கோடுதான்.

வழியும் மாறிவிட்டது. வடகரையிலிருந்து கோடியக்கரைக்குப் போகும் நீண்ட பாதையை இப்போது யாரும் எடுப்பது அரிது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான் இன்றைய பாதை. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் இந்த வழியில் வந்தார். இங்கிலீஷ் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் அவர். கடற்படைத் துணையோடு 25 மணி நேரத்துக்கும் மேல் நீந்தி அவர் கரையேறிய தனுஷ்கோடியில் வரவேற்க ஊர் என்று ஒன்று இல்லை. 1964 டிசம்பர்ப் புயல் அதைத் தின்று ஒன்றரை ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. இன்று அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். நீந்தி வருகிறவரின் வீட்டார் காரில் வந்து இறங்கி, மாலையும் துண்டுமாகக் காத்திருக்கிறார்கள்.

இன்று ஒரு பிள்ளை இந்த நீரிணையை நீந்த வேண்டுமென்றால் பயிற்சியோடு கூடவே கோப்புகளும் நகர வேண்டும். டெல்லியில் அமைச்சகங்கள், கொழும்பில் அனுமதி, கடற்படை, கடலோரக் காவல்படை, சுங்கம் என்று மாதக்கணக்கில் அலைச்சல். எல்லாம் முடிந்து, படகில் ஏறுகிற ஒவ்வொருவரின் பெயரும் தாளில் ஏறிய பிறகுதான் ராமேசுவரத்திலிருந்து படகு தலைமன்னாருக்குக் கிளம்பும். நீச்சல் தொடங்கும் தலைமன்னாரிலிருந்து எல்லை வரை இலங்கைக் கடற்படை கூட வரும். கோட்டைத் தாண்டியதும் நம் கடலோரக் காவல்படை ஏற்றுக்கொள்ளும்.

அந்தப் படகின் டிரைவரை நினைத்துப் பாருங்கள். மீன் தேடிப் போகும்போது இதே கோட்டைத் தாண்டியதற்காக அவர் ஊர்க்காரர்கள் கைதாகியிருக்கிறார்கள், படகுகளை இழந்திருக்கிறார்கள். கோட்டின் அந்தப் பக்கத்து மீனவர்களுக்கும் நம் படகுகளின் இழுவைமடியால் வலையும் வாழ்வும் போன வருத்தம் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. இத்தனை கசப்பு மிதக்கும் தண்ணீரில், தாள் ஒன்று கையிலிருக்கும் அந்த ஒரு நாள் மட்டும் அவர் இரண்டு நாட்டுக் காவல் கப்பல்களுக்கும் நடுவே நிமிர்ந்து நின்று படகு ஓட்டுகிறார். முன்னால் ஒரு சிறுவனோ சிறுமியோ நீந்திக்கொண்டிருக்க, எல்லோரும் ஒரே உயிரைக் காத்துக்கொண்டு வருகிறார்கள்.

வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெரும்பாலும் ஒரு விசைப்படகும் ஒரு சிறு வள்ளமும் போகும். நீந்துகிறவரின் வேகம் மணிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டர். விசைப்படகின் எஞ்சினுக்கு அவ்வளவு மெதுவாகப் போகத் தெரியாது. கியரைப் போட்டு, எடுத்து, மிதக்கவிட்டு, மறுபடி போட்டு என்று பத்து மணி நேரம் டிரைவரின் கை ஓயாது. டீசல் புகை நீந்துகிறவர் முகத்தில் அடித்தால் வாந்தி வரும். அதனால் காற்று வரும் திசையைப் பார்த்துப் படகை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். ஆள் நெருங்கி வந்தால் விசிறி நின்றாக வேண்டும். தாகத்துக்குக் கொடுக்கும் புட்டியைக் கயிற்றில் கட்டித்தான் எறிவார்கள். நீந்துகிறவர் படகைத் தொடக் கூடாது, படகில் இருப்பவர் அவரைத் தொடக் கூடாது. தொட்டால் முயற்சி அத்தோடு முடிந்தது. புட்டியைப் பிடித்து, மல்லாந்து மிதந்தபடி நாலு வாய் குடித்துவிட்டு விட்டெறிய, கயிறு அதை மேலே இழுத்துக்கொள்ளும். அந்த அரை நிமிடத்தில் வழிகாட்டி அவர் முகத்தைப் படித்துவிட வேண்டும். உதடு வெடித்திருக்கிறதா, உப்பில் நாக்கு தடித்துப் பேச்சு குழறுகிறதா, கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா. நம் கடல் வெதுவெதுப்பானது. குளிரில் விறைப்பதைவிட வெயிலும் வறட்சியும் சொறி மீனின் சுணையும்தான் இங்கே ஆளைச் சாய்ப்பவை.

இரவில் நீந்துகிறவரின் தொப்பியில் ஒளிரும் குச்சி ஒன்றைச் செருகிவிடுகிறார்கள். கண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஜிபிஎஸ் திரையில் கோடும் தெரியும், படகு நிற்கும் இடமும் தெரியும், நீரோட்டம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும் தெரியும். முந்தைய தலைமுறை உள்ளங்கையில் வைத்திருந்த பாதி அறிவு இப்போது அந்தத் திரையில் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. உயிர் காக்கும் கருவியை ஏன் குறை சொல்ல வேண்டும்? என்றாலும் அரிச்சல்முனை நெருங்கும்போது திரை மட்டும் போதாது. பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் சொல்வார்கள். இரண்டும் சேரும் இடத்தில் நீர் இழுக்கிற இழுப்பில், கரை கண்ணெதிரே இருக்க, நீந்துகிறவர் நின்ற இடத்திலேயே கை போட்டுக்கொண்டிருப்பார். தள்ளிப் போனதைத் திரை பிறகுதான் காட்டும். தண்ணீரின் நிறமும் சுழிப்பும் மாறுவதை முன்கூட்டிக் கண்டு, “தம்பி, வலப்பக்கமா வா, வலப்பக்கமா வா” என்று குரல் கொடுக்கிறவர் அந்த ஊர்க்காரர்தான்.

வழிகாட்டியின் வேலையில் மிகக் கொடியது, போதும் என்று சொல்வது. 1925இல் இங்கிலீஷ் கால்வாயில் அமெரிக்கப் பெண் கெர்ட்ரூட் எடெர்லேயைப் பயிற்சியாளர் சொல்லி ஒருவர் தொட்டுவிட, அவர் முயற்சி அங்கேயே முடிந்தது. தன்னால் இன்னும் முடிந்திருக்கும் என்று அவர் கடைசி வரை சொன்னார். அடுத்த ஆண்டு வேறு பயிற்சியாளரோடு இறங்கி, 14 மணி 34 நிமிடத்தில் கடந்து, அன்று வரை ஆண்கள் வைத்திருந்த நேரத்தையும் முறியடித்தார். இதைப் படித்தால், நிறுத்தியவர் மேல் கோபம் வரும். ஆனால் அதே கால்வாயில்தான் 1984 ஆகஸ்டில் நம் ஆனந்தன் முயற்சியின் நடுவே உயிர்விட்டார். பாக் நீரிணையை 51 மணி நேரம் வென்ற உடம்பு அது. இந்த இரண்டையும் ஒருசேர நினைக்கும்போதுதான் படகில் உட்கார்ந்திருக்கிறவரின் பாரம் புரியும். நிறுத்தினால் ஒரு கனவைக் கெடுத்த பழி. நிறுத்தாவிட்டால் அதைவிடப் பெரிது. அன்றும் இன்றும் இதற்கு ஒரு கருவி வந்ததில்லை.

யாருக்கு வழிகாட்டுகிறார்கள் என்பதும் மாறிவிட்டது. அன்று நீந்தியவரும் ஓட்டியவரும் ஒரே கரையில், ஒரே காற்றில் வளர்ந்தவர்கள். 1994இல் 12 வயதுக் குற்றாலீசுவரன் இந்த நீரிணையைக் கடந்து, அதே ஆண்டில் ஆறு நீரிணைகளை நீந்தி, மிஹிர் சென்னின் ஐந்து என்ற கணக்கைத் தாண்டியபோது தமிழ்நாட்டு வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிய எண்ணமே மாறியது. அதன் பிறகு கடல் இல்லாத ஊர்களிலிருந்தும் தொலைதூர ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். 2019இல் தேனியிலிருந்து ஒரு 10 வயதுச் சிறுவன் வந்தான். 2022இல் மும்பையிலிருந்து ஆட்டிசம் கொண்ட ஜியா ராய் வந்து, 13 வயதில் 13 மணி 10 நிமிடத்தில் கரை சேர்ந்தாள். வெளியூரிலிருந்து வரும் இந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கடலைப் பக்கத்திலிருந்து அறிமுகப்படுத்தி வைப்பவர்கள் படகில் வருகிறவர்களே. 2021இல் இலங்கை விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பி, 28 மணி நேரச் சொச்சத்தில் முடித்தார். ஆனந்தனின் 51 மணியை அவர் முறியடித்ததாக எழுதினார்கள். பெரிய சாதனைதான், ஆனால் ஆனந்தனின் பாதை இதைவிட மிக நீண்டது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது இருவருக்குமே நியாயமில்லை.

இந்தப் படகுக்காரர்கள் கடலைக் காதலிப்பதாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஏறும்போது நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான். வலை இல்லாமல், மீன் இல்லாமல், ஓரிரு மணியில் கடக்கும் தூரத்தை ஒரு பகல் முழுக்க ஊர்ந்து கடக்கிறார்கள். கூலி கிடைக்கும், உண்மை. கூலிக்காக மட்டும் ஒருவர் அந்தக் குழந்தையின் முகத்தைப் பத்து மணி நேரம் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

1875இல் மேத்யூ வெப் இங்கிலீஷ் கால்வாயை 21 மணி 45 நிமிடத்தில் முதன்முதலாக நீந்திக் கடந்தபோது பக்கத்தில் வந்தது ‘ஆன்’ என்ற படகு. அதைச் செலுத்தியவர் ஜார்ஜ் டாம்ஸ். ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தமிழில் எழுதும் நான் அவர் பெயரைச் சொல்ல முடிகிறது. அங்கே இன்றும் ஒவ்வொரு நீச்சலின் பதிவிலும் படகோட்டியின் பெயரும் படகின் பெயரும் இடம்பெறுகின்றன. 1999இல் தோன்றிய ஒரு சங்கத்தை நீந்துகிறவர்களும் படகோட்டிகளும் சேர்ந்தே நடத்துகிறார்கள். நம் நீரிணையிலோ சான்றிதழில் நீந்தியவர் இருக்கிறார், பயிற்சியாளர் இருக்கிறார், பரிசு கொடுத்தவர் இருக்கிறார். வழிகாட்டியவர் இல்லை.

சான்றிதழ் எழுதுகிறவர்களும் செய்தி எழுதுகிறவர்களும் அடுத்த முறை அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டில், தெருவில் அப்படி ஒரு படகோட்டி இருந்தாலோ, இருந்ததாகப் பேச்சிருந்தாலோ, அவர் பெயரையும் அவர் துணைபோன நீச்சலையும் ஆண்டையும் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். 1971இல் படகில் இருந்த இளைஞர்களுக்கு இன்று எழுபது வயது தாண்டிவிட்டது.