சோம்பேறியின் பெயரும் தோல்வினைஞரின் உழைப்பும்

நம்மவர் பேச்சில் 'லோஃபர்' என்பது ஒரு வசைச்சொல். வேலை வெட்டியின்றி ஊர் சுற்றுபவனை அச்சொல்லால் ஏசுவர். கோலாலம்பூர்க் கடைகளிலோ அதே சொல் ஆடவர் அணியும் தோற்காலணி ஒன்றின் பெயராக நிற்கிறது. சோம்பித் திரிபவன் என்பதே ஆங்கிலத்தில் அதன் பழம்பொருள். கயிறு கோத்து முடிச்சிடும் வேலை இல்லாமல், காலை நுழைத்த மாத்திரத்தில் நடக்கத் தொடங்கலாம் ஆதலால், பெயர் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் சோம்பல் அணிபவருக்கு மட்டுமே உரியது, செய்பவருக்கு அன்று. இந்த முரண்பாட்டைச் சிறிது ஆராய்வது ஆசிரியர்களாகிய நமக்குப் பயன் தரும்.

முதலில் சொற்களைக் காண்போம். 'செருப்பு' என்னும் சொல் புறநானூற்றிலேயே வந்துள்ளது. 'தொடுதோல்' என்பதும் சங்கச் சொல்லே. பெரும்பாணாற்றுப்படை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், வழிச்செல்லும் வணிகர் அணிந்ததை 'அடிபுதையரணம்' என்கிறார். அடியைத் தன்னுள் புதைத்துக் காக்கும் அரண் என்பது பொருள். இக்காலத்து மூடுகாலணிக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. நம் தோட்டத்து முதியோர் வாயில் வழங்கும் 'சப்பாத்து' போர்த்துக்கீசியச் சொல்லின் வழிவந்தது. மலாய் மொழியின் 'செப்பாத்து'வும் அதே வேரினது. ஒரு காலணிக்குள் இத்தனை வரலாறு அடங்கியிருக்கிறது.

லோஃபரின் மூலம் வட அமெரிக்கப் பழங்குடியினர் அணிந்த 'மொக்கசின்' என்னும் மெல்லிய தோற்காலணியாகும். நார்வே நாட்டின் ஆவுர்லாண்ட் என்னும் ஊரினரான நில்ஸ் துவெராங்கர், இளமையில் வட அமெரிக்கா சென்று காலணித் தொழில் பயின்றவர். தாயகம் திரும்பிய அவர், 1930ஆம் ஆண்டையொட்டி ஒரு புதுக்காலணியை உருவாக்கினார். 1936இல் அமெரிக்காவின் பாஸ் நிறுவனம் அவ்வகையை 'வீஜன்ஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 'நார்வீஜியன்' என்னும் சொல்லின் வாலே அப்பெயர். 1953இல் இத்தாலியின் குச்சி நிறுவனம், குதிரைக் கடிவாளத்தின் வடிவில் உலோகத் துண்டு பதித்த வகையை வெளியிட்டது.

இனி, சுவேட் என்னும் தோலைப் பற்றிக் கூறுவோம். பிரெஞ்சு மொழியில் அது சுவீடன் நாட்டின் பெயர். அந்நாட்டு மென்தோல் கையுறைகளைச் சுட்டிய சொல் பின்னர்த் தோலுக்கே பெயராயிற்று. விலங்கின் தோலுக்கு இரு முகங்கள் உண்டு. மயிர் இருந்த வெளிமுகம் இழை நெருங்கி வழவழப்பாக இருக்கும். ஊனை ஒட்டிய உள்முகம் இழை தளர்ந்திருக்கும். உள்முகத்தை உப்புத்தாள் போன்ற உராய்பொருளால் தேய்த்து, நுண்ணிய பூமயிர் எழச் செய்வதே சுவேட். ஆட்டுத்தோலில் அது நயமாக அமையும். தடித்த மாட்டுத்தோலை இயந்திரத்தால் இரண்டாகப் பிளந்து, அடிப்பாகத்தைப் பயன்படுத்துவதும் உண்டு.

இத்தொழிலில் தமிழகத்துக்குப் பெரும் பங்குண்டு. பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய சாற்றில் பல வாரம் இட்டுப் பதனிடுவது பழைய முறை. 1903இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பினால் பதனிடும் முறையைத் தொடங்கினார். வாரக்கணக்கான வேலை ஓரிரு நாள் வேலையாயிற்று. 'குரோம்பேட்டை' என்னும் ஊர்ப்பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்ததுதான். 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து பதனிட்ட தோலும் காலணிகளும் இன்றும் உலகெங்கும் செல்கின்றன.

கைத்தையல் லோஃபரில் வினைஞரின் திறம் எங்கே விளங்குகிறது? மற்றக் காலணிகளில் மேல்தோல் பாதத்தின்மேல் கவிழ்ந்து அடித்தோலுடன் சேரும். மொக்கசின் முறையில் தோல் உள்ளங்காலின் அடியில் தொடங்கி இருபுறமும் தொட்டில்போல் மேலேறும். மேலே நாக்கு வடிவான மற்றொரு துண்டை வைத்து இரண்டையும் இணைப்பர். பாத வடிவில் செதுக்கிய கட்டையின்மேல் தோலை இழுத்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகிட்ட நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராகச் செலுத்தி இறுக்குவர். விரல்முனையில் அகலமான தோல் குறுகிய துண்டுடன் சேரவேண்டும். ஆகவே ஒவ்வொரு தையலிலும் சிறிது சிறிதாகச் சுருக்கவேண்டும். அச்சுருக்கங்கள் இருபுறமும் ஒத்திருப்பதே கைத்திறத்தின் அடையாளம். கட்டி இறுக்கக் கயிறு இல்லாமையால், அளவு சிறிது பிசகினும் குதிகால் நழுவிவிடும்.

நம் நாட்டு வெப்பமும் ஈரமும் சுவேட்டுக்குப் பகை. கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையில் நனைந்தால், உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துக. வெயிலிலும் அடுப்பருகிலும் வைத்தால் தோல் விறைக்கும். உலர்ந்தபின் மென்தூரிகையால் நீவுக. மெழுகுப் பாலிஷ் பூசினால் பூமயிர் படிந்து கெடும். மூடிய பெட்டியில் நெடுநாள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

அழகுக்குப் பின்னே ஒரு விலையும் உண்டு. பதனிடும் சாலைகளின் உப்பும் கழிவும் பாலாற்றுப் படுகையின் நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தன. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டும் என்னும் கோட்பாட்டை அவ்வழக்கில் வலியுறுத்தியது. தொழிலும் வேண்டும், நீரும் வேண்டும் என்பதே அங்குள்ள மக்களின் நிலை.

அதனினும் பழைய விலை ஒன்றுண்டு. தோலைத் தொட்டவரைத் தொடலாகாது என்று ஒதுக்கிய சமுதாயம், அவர் தைத்த செருப்பை மட்டும் தயங்காமல் அணிந்தது. கடல் கடந்து வந்தும் அவ்வெண்ணம் முற்றாக ஒழியவில்லை. "படிக்காவிட்டால் செருப்புத் தைக்கத்தான் போவாய்" என்று மாணவரை மிரட்டும் வழக்கம் நம் வகுப்பறைகளில் இன்னும் கேட்கிறது. அச்சொல் இருவரைச் சுடுகிறது: வகுப்பில் இருக்கும் சிறுவனை ஒருபுறம்; நடைபாதையோரம் நேர்மையாகப் பிழைக்கும் தொழிலாளியை மறுபுறம். அவ்வகுப்பிலேயே அத்தகையவரின் பேரப்பிள்ளை அமர்ந்திருக்கவும் கூடும்.

தோலின் தன்மை அறிவது வேதியியல். பாதத்தை அளப்பது கணிதம். சுருக்கம் ஒத்திருக்கத் தைப்பது கலை. இம்மூன்றும் கூடிய தொழிலைத் தண்டனையாகக் காட்டுவது கல்விக்கு அழகன்று. 'அடிபுதையரணம்' என்னும் சொல்லைக் கற்பிக்கும் நாளில், அந்த அரணை அமைத்த கையையும் மாணவர்க்கு அறிமுகம் செய்வோமாக.