கட்டம் போடாத கைகள்

கோடும் கதையும் – 12

போன வாரம் டேவிட் மாசுகெல்லியைப் பார்த்தோம். 'டேர்டெவில்', 'பேட்மேன்: இயர் ஒன்' என்று சூப்பர் ஹீரோ உலகில் கொடிகட்டிப் பறந்த கை அது. 1987இல் பேட்மேனை முடித்த பிறகு அந்த ராஜபாட்டையை விட்டு மெல்ல விலகினார். 'ரப்பர் பிளாங்கெட்' என்று சொந்தமாக ஓர் இதழ் கொண்டுவந்தார். பால் ஆஸ்டரின் 'சிட்டி ஆஃப் கிளாஸ்' நாவலை பால் கராசிக்குடன் சேர்ந்து 1994இல் சித்திரமாக்கினார். 2009இல் வந்த 'ஆஸ்டீரியோஸ் பாலிப்' புத்தகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி எழுத்து, தனிப் பேச்சுக்குமிழி கொடுத்தார். ஆளைப் பார்க்க வேண்டாம், குமிழியைப் பார்த்தே பேசுவது யார் என்று சொல்லிவிடலாம். பேட்மேனிலிருந்து அங்கே வந்து சேர அவருக்கு 22 வருஷம் ஆனது.

அதே இடத்துக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வந்த இருவரைப் பற்றியது இந்த வாரம். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். மத்தியப் பிரதேசத்தின் பர்தான் கோண்டு ஓவியர்கள், மனைவியும் கணவருமானவர்கள். அம்பேத்கரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பீமாயணம்' இவர்கள் வரைந்தது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, ஜான் பெர்ஜரின் முன்னுரையோடு 2011இல் நவயானா அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழில் அதைக் கொண்டுவந்தது நம் நாகர்கோவிலில் இருக்கும் காலச்சுவடு.

பர்தான்கள் கோண்டு வீடுகளுக்குப் போய், 'பாணா' என்ற நரம்பு வாத்தியத்தை மீட்டிக் குலக்கதை பாடியவர்கள். நம் ஊர்க் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் செய்கிற வேலைதான். 1980களின் தொடக்கத்தில், போபாலில் பாரத் பவன் கலை மையத்தை உருவாக்கிக்கொண்டிருந்த ஓவியர் ஜே. சுவாமிநாதன் கிராமங்களுக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் கண்ணில் பட்டவர் ஜங்கட் சிங் ஷியாம் என்ற இளைஞர். அவர் மூலமாகத்தான் சுவரில் இருந்த ஓவியம் காகிதத்துக்கும் துணிக்கும் வந்தது. அவர் காட்டிய வழியில் வந்தவர்களில் துர்காபாயும் ஒருவர். ஆறு வயதில் பாட்டியிடம் 'திக்னா' போடக் கற்றவர். மெழுகிய சுவரிலும் தரையிலும் விசேஷ நாட்களில் போடும் கோலம் அது. 2006இல் சென்னை தாரா புக்ஸ் வெளியிட்ட 'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' புத்தகத்தை வரைந்த மூவரில் அவரும் உண்டு. கறுப்புக் காகிதத்தில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்த அந்தப் புத்தகம் 2008இல் பொலோனியா புத்தகக் கண்காட்சியில் பரிசு வாங்கியது.

அம்பேத்கர் கதைக்காகத் துர்காபாயிடமும் சுபாஷிடமும் உலகின் பெயர்பெற்ற கிராஃபிக் நாவல்களைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு, ஆட்களைக் கட்டத்துக்குள் அடைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கட்டத்துக்குள் அந்த ஆட்களுக்கு மூச்சு முட்டுமாம். அதனால் பக்கத்தைப் பிரிக்கும் இடங்களில் திக்னா நெளிந்து ஓடுகிறது.

கதை 1901இல் தொடங்குகிறது. கோரேகாவில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கச் சிறுவன் பீமனும் மற்றப் பிள்ளைகளும் ரயில் ஏறுகிறார்கள். அந்த ரயில் பாம்பாக வளைந்து போகிறது. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் மஹர் சாதி என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் நாலடி பின்வாங்குகிறார். இரட்டைக் கூலி கொடுத்தும் வண்டிக்காரர் கூட உட்கார மறுக்கிறார். பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டியிருக்கிறது. கையில் சோறு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறார்கள். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற நினைவுக்குறிப்பில் அம்பேத்கர் எழுதிவைத்த சம்பவம் இது.

இங்கே பேச்சுக்குமிழிகளைக் கவனியுங்கள். பீமனும் பரிவானவர்களும் பேசினால் குமிழி ஒரு பறவை. சாதித் திமிரோடு பேசுகிறவர் வாயிலிருந்து வரும் குமிழிக்கு வால்பக்கம் தேள்கொடுக்கு. மனசுக்குள் நினைப்பது என்றால் குமிழியில் ஒரு கண் திறந்திருக்கும். எழுத்தை வாசிக்கும் முன்பே வார்த்தை கொட்டிவிடுகிறது. பெரிய கம்பெனிகளில் தொழில் பழகிய மாசுகெல்லி தேடிக் கண்டடைந்த உத்தியை, சுவரில் வரையப் பழகியவர்கள் தங்கள் போக்கில் எட்டியிருக்கிறார்கள். ஆனால் மாசுகெல்லியின் குமிழி பேசுகிறவரின் குணத்தைச் சொல்வது. இவர்களுடையது அந்தப் பேச்சு கேட்பவருக்கு என்ன செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. என் கணக்கில் இரண்டாவதே பெரிய சாதனை.

சூப்பர் ஹீரோ கதையில் சக்தி உடம்புக்குள் இருக்கிறது. பீமனுக்கு உடம்புக்குள் இருப்பது தாகம். பின்னாளில் பரோடாவில் தங்க இடமில்லாமல் விரட்டப்பட்டு ஒரு பூங்காவில் வந்து உட்காரும்போது, அவர் உடம்பே மரமும் செடியுமாக அந்தப் பூங்காவாகிவிடுகிறது. 1927இல் பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மஹாட் குளத்தங்கரையில் அவர் பேசும்போது ஒலிபெருக்கிகள் கூட்டத்தின்மேல் தண்ணீர் தெளிக்கின்றன.

தண்ணீரும் தெருவும் நம் மாவட்டத்துக்குப் புதிய சங்கதி அல்ல. எல்லாச் சாதியாரும் ஒரே நீரில் குளிக்கவும் குடிக்கவும் வேண்டும் என்று அய்யா வைகுண்டர் ஏற்படுத்திய முத்திரிக் கிணறு சாமித்தோப்பில் இருக்கிறது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லாச் சாதியாருக்கும் திறக்க 1936 ஆனது. இந்தக் கதைகளையெல்லாம் நாம் பாடப்புத்தகத்துப் பத்திகளாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்துவருகிறோம். வரையத்தக்க பெரும் கதைகள் இவை. வரைய ஆள் வரவில்லை.

துர்காபாய்க்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. காமிக்ஸ் என்றால் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கும் பெரியவர்கள் பீமாயணத்தை ஒரு தடவை புரட்டிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் அடுத்த பட்டியலில் இதைச் சேருங்கள். பக்கத்துக் கடைத்தெருவில் அச்சேறிய தமிழ்ப் புத்தகம் போலக் கையருகே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி.

(தொடரும்)